மூக்கக்கா சொன்ன நாள்

ஜாடியின் மூடி திறந்ததும் முதலில் பின்வாங்கியவர் புகைப்படக்காரர். கேமராவை இறக்கிப் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அடுத்து முதலாளி, கைக்குட்டைக்காகப் பாக்கெட்டைத் துழாவினார். நான் நான்கு அடி தள்ளி சன்னலோரம் நின்றிருந்தேன், எனக்கே அது எட்டியது. செத்த எலியையும் ஈரச் சாக்கையும் ஒன்றாகக் கட்டி வெயிலில் போட்டது போல ஒரு வாடை.

அந்த ஜாடிக்குள்தான் மூக்கக்கா முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, நிமிர்ந்து, சிரித்தார்.

"இந்தத் தடவை நல்லா வந்திருக்கு. மணம் அப்படியே ஆளைத் தூக்குது."

பேக்கிங் கூடத்துக் கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டு, அந்த நாற்றத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்தது.

மூக்கக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் தோட்டத்தில் இருபத்தைந்து வருடமாக அறுப்பு நாள் குறிப்பவர். நாங்கள் வளர்ப்பது புதினா இனத்துச் செடி. கசக்கினால் எலுமிச்சை மணக்கும். அதற்குப் பெரிய பெயர்கள் உண்டு, ஆனால் இங்கே எல்லோருக்கும் அது வெறும் 'தழை'. அறுத்து, காயவைத்து, நொறுக்கி, வெந்நீரில் போட்டுக் குடிக்கிற பொட்டலமாக அனுப்புகிறோம். வருடத்துக்கு இரண்டு அறுப்பு. எந்த நாளில் அரிவாளை வைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. செடி ஒன்றுதான். ஆனால் தளிர் விடும்போது உள்ளே ஒரு சரக்கு, மொட்டுக் கட்டும்போது வேறு சரக்கு, பூ உதிர்ந்தபின் இன்னொன்று. வெயில் ஏறினால் ஒன்று ஏறும், மழை பெய்தால் ஒன்று இறங்கும். இலையைப் பார்த்தால் எதுவும் தெரியாது. பச்சையாக, ஒன்றுமறியாத பிள்ளை போல நிற்கும்.

அந்த நாளைச் சொல்வது அவருடைய மூக்கு. காலை ஆறு மணிக்குச் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்குவார். இலையைப் பறிப்பார், உள்ளங்கையில் தேய்ப்பார், முகர்வார். "இன்னும் எட்டு நாள்" என்றால் எட்டு நாள். அறுப்புக்கு வருகிற நாற்பது பேரும் வேறு யார் சொன்னாலும் அரிவாளைத் தொட மாட்டார்கள். பேக்கிங்கில் ஓயாமல் பேசுகிற ஒரு பெண்ணுக்கு 'ரேடியோ' என்று பெயர். "அக்கா தும்முனா தோட்டத்துக்கே லீவு விடணும்பா" என்று அவள் சொல்லாத வாரம் கிடையாது.

அவரைப் படம் எடுக்கக் கூட்டி வந்து நிறுத்தியதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் போன வருடம்தான் லேபில் சேர்ந்தேன். எங்களிடம் வாங்குகிற கம்பெனி, பொட்டலத்தின் மேல் தழையில் எவ்வளவு நல்ல பொருள் இருக்கிறது என்று அச்சடிக்க வேண்டும் என்றது. அதை அளக்கத்தான் கருவியும் நானும் ஒரே வாரத்தில் வந்தோம். அந்தப் பொருளின் வேதிப் பெயர் நீளமானது. நானே அதை எழுதுவேனே தவிர வாய்விட்டுச் சொன்னதில்லை. முதலாளி அதைச் சுருக்கமாக 'சத்து' என்பார். நானும் அப்படியே எழுதுகிறேன். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை.

அறுக்காமல் விட்ட ஒரு மூலைப் பாத்தியிலிருந்து வாரம் ஒரு பிடி தழை எடுத்து, காயவைத்து, வருடம் முழுக்க அளந்தேன். கோடு போட்டுப் பார்த்தபோது சத்து மொட்டுக் கட்டும் சமயத்தில் உச்சிக்குப் போயிருந்தது. பூ விரிய விரிய இறங்கியது. எண்ணெயின் கதை வேறு. அதுதான் மணக்கிற சரக்கு. சத்து இறங்கும்போதுதான் அது ஏறி, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து உச்சியைத் தொட்டது. எங்கள் பாத்தியில், அந்த வருடத்தில், அப்படித்தான் இருந்தது.

பிறகு அறுப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். கடைசி மூன்று வருடமாக மூக்கக்கா குறித்த நாள் எல்லாம் மொட்டு விரிவதற்குச் சற்று முன்னால் விழுந்திருந்தது. கச்சிதமாக, சத்து உச்சத்தில் இருக்கிற வாரம். கருவி வருவதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே இந்த அம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு பக்க அறிக்கை எழுதி முதலாளி மேசையில் வைத்தேன். 'அறுப்பு நாளைக் குறிப்பவரின் நுகர்திறன் கருவிக்கு நிகரானது' என்பது கடைசி வரி. அந்த வரியை நான் இரண்டு நாள் செதுக்கினேன்.

மணமே இல்லாத ஒரு பொருளை மூக்கு எப்படிக் கண்டுபிடிக்கும் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

முதலாளி அதை மூன்று முறை படித்தார். "இந்த மூக்கைப் பொட்டலத்து மேல போட்டுடலாம்" என்றார். மூக்கக்கா மறுத்தார். "என் மூஞ்சியப் பாத்தா வாங்கற ஆளும் வாங்க மாட்டான் சார்." அவருடைய கணவர்தான் எங்கள் சரக்கு வேனை ஓட்டுகிறார். அவர் விடவில்லை. "அழகுப் போட்டிக்கா கூப்பிடறாங்க? மூக்கைக் காட்டிட்டு வா."

தழை பளபளவென்று இருந்தால்தான் படத்தில் எடுபடும் என்று புகைப்படக்காரர் போனில் சொல்லியிருக்கிறார். ரேடியோ அதற்காக ஜாடியில் இருந்த காய்ந்த தழை மேல் தாராளமாகத் தண்ணீர் தெளித்து, மூடியை இறுக்கி, வெயில் விழுகிற சன்னல் மேடையில் வைத்துவிட்டாள். படம் எடுப்பது இரண்டு நாள் தள்ளிப்போனது. ஜாடியை யாரும் நினைக்கவில்லை. காய்ந்த தழையோடு வேலை செய்கிற எவருக்கும் அதன்மேல் தண்ணீர் படக் கூடாது என்பது தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒரு விஷயத்தைத்தான் கேமராவுக்காக மறந்தோம்.

"அக்கா" என்றாள் ரேடியோ. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "அது அழுகிடுச்சுக்கா."

மூக்கக்கா சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஜாடிக்குள் பார்த்தார். மேலே பச்சை, விரலால் விலக்கினால் கீழே கறுப்பாக, கூழாக. சிரிப்பு தானாகவே இறங்கியது. மூடியை எடுத்துப் போட்டு இறுக்கினார். இறுகிய பிறகும் இன்னொரு தடவை திருகினார்.

வாசலில் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்ற கணவர் உள்ளே வந்தார்.

"இந்தா, என்ன இது? உனக்குத் தெரியலையா?"

"தெரியல."

"சளி பிடிச்சிருக்கா?"

"இல்ல."

"பின்னே?"

"மூணு வருஷமா தெரியல. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அப்பலேர்ந்து."

கணவர் பக்கத்தில் இருந்த அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தார். பெட்டி அமுங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை.

"மூணு வருஷமா" என்றார். "நான் மறுபடி சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சு ரெண்டரை வருஷம் ஆச்சு. நீ ஒரு வார்த்தை கேக்கல. சரி, போனாப் போகுதுன்னு விட்டுட்டியாக்கும்னு நெனச்சேன். உன்மேல எவ்வளவு மரியாதை வந்துச்சு தெரியுமா?"

மூக்கக்கா அவரையே பார்த்தார். "மறுபடியும் பிடிக்கறீங்களா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் சிரிப்பில் அந்தக் கூடமே இடிந்திருக்கும். ரேடியோகூடச் சிரிக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், இரண்டு பேரும் ஆளுக்கொரு ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு இத்தனை நாள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அதிர்ச்சி இரண்டு முகத்திலும் ஒரே அளவில் இருந்தது.

முதலாளி தன் அறைக்கு மூக்கக்காவைக் கூப்பிட்டார். "தம்பி, நீயும் வா" என்றார். என் அறிக்கை அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதைப் பார்க்கக் கூசியது.

"ஆறு அறுப்பு" என்றார் முதலாளி. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆறு அறுப்பு உங்க வார்த்தைய நம்பி அறுத்திருக்கேன். நாள் முன்னால தள்ளி வந்தப்பகூட ஏன்னு கேக்கல. மணம் வந்தாச்சுன்னு என் எதிர்ல நின்னு சொன்னீங்க."

"சொன்னேன் சார்."

"மணமே தெரியாம."

"தெரியாமத்தான்."

பிறகு மூக்கக்கா நடந்ததைச் சொன்னார். காய்ச்சல் விட்ட நாலாம் நாள் சோப்பை எடுத்து முகர்ந்திருக்கிறார், ஒன்றும் இல்லை. பூண்டு, பினாயில், கணவரின் சட்டை என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் முகர்ந்திருக்கிறார். யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றாராம் அவர். திரும்புவதற்குள் அறுப்பு வந்துவிட்டது.

"நாப்பது பேர் அரிவாளோட நிக்கறாங்க சார். நான் இலையத் தேச்சு மோந்து பாக்கறேன். பேப்பர மோந்து பாத்த மாதிரி இருக்கு. என்ன சொல்றதுன்னு தெரியல. நேரம் கடத்தறதுக்காக வாயில போட்டு மென்னேன். நாக்கு ஈறோட போய் ஒட்டிக்கிச்சு. அப்படி ஒரு துவர்ப்பு. மறுநாள் மென்னேன், கொஞ்சம் கூடியிருந்துச்சு. அதுக்கு மறுநாளும் கூடுச்சு. இது ஏறிக்கிட்டுப் போகுதுன்னு புரிஞ்சுது. எங்கேயாவது நிக்கும்ல? நின்ன அன்னிக்கு அறுங்கன்னு சொல்லிட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருடமாக நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பாத்தியில் நடக்கும்போது எந்நேரமும் வாயில் ஒரு இலை. மென்று, வாய்க்காலில் துப்பி, இன்னொன்று. சிலர் நகம் கடிப்பார்களே, அது மாதிரி ஒரு பழக்கம் என்று நினைத்தேன். கவனித்துப் பார்க்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அது அங்கேயே உதிர்ந்தது.

"நாக்குல போட்டு நாள் குறிக்கறதா?" என்றார் முதலாளி. "நாளையிலேர்ந்து பேக்கிங்ல உக்காருங்க. இந்த அறுப்புக்குத் தம்பி நாள் குறிக்கட்டும்."

இருபத்தைந்து வருடம் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மூக்கக்கா தலையை ஆட்டினார். கைகளை மடியில் கோத்துக்கொண்டார். தழைச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள்.

"சார்" என்றேன். அந்த அறையில் கேட்காமல் நான் பேசியது அதுதான் முதல் தடவை. "அந்தச் சத்துக்கு மணம் கிடையாது."

"என்ன?"

"மணமே கிடையாது சார். மூக்கு நல்லா இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா துவர்ப்பு உண்டு. நாக்குலதான் தெரியும். நான் அறிக்கையில தப்பா எழுதிட்டேன்."

கோடு போட்ட தாளைக் கொண்டுவந்து விரித்தேன். அதன்மேல் ஆறு அறுப்பு நாளையும், அன்று செடி இருந்த மொட்டு நிலையை வைத்து, பென்சிலால் குறித்துக் காட்டினேன். முதலாளி கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"குருட்டு அதிர்ஷ்டமா இருக்கலாம்."

"ஆறு தடவையா சார்?"

"போன வருஷத்துப் பிடியெல்லாம் இன்னும் வெச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். முதல் தளிரிலிருந்து விதை பிடிக்கிற வரை எட்டுப் பொட்டலம் எடுத்தேன். தேதியை மறைத்து எழுத்து மட்டும் போட்டேன். எது எந்த வாரம் என்பது எனக்கு மட்டும் தெரியும். துவர்ப்பு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அடுக்க வேண்டும். மூக்கக்கா முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு செம்பு தண்ணீர், துப்ப ஒரு வாளி, நடுநடுவே வாயைத் துடைத்தெடுக்க வெறும் ரொட்டி. முதலாளி எதிரே. கணவர் கதவருகே, சாவியைச் சுழற்றாமல்.

அவர் அவசரப்படவில்லை. ஒரு சிட்டிகையை நாக்கில் வைப்பார், மெல்லுவார், கன்னத்துக்கு ஒதுக்குவார், காத்திருப்பார், துப்புவார். தண்ணீர். ரொட்டி. துவர்ப்பு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிடம் கேட்டார். ஐந்தாவதில் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு பொட்டலங்களை மறுபடி கேட்டார். முழுதாக இரண்டு மணி நேரம். அவர் வரிசையை அடுக்கி முடித்து, "இதான்" என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

நான் என் சீட்டை விரித்தேன். எட்டில் ஆறு அதனதன் இடத்தில். இரண்டு மட்டும் இடம் மாறியிருந்தன, பக்கத்துப் பக்கத்து வாரங்கள். கருவியிலும் அந்த இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்தான்.

முதலாளி தாளையும் பொட்டலங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பேயறைந்த முகம் என்பார்களே, அதை நேரில் பார்த்தேன். மூன்று வருடம் தாம் ஏமாற்றப்பட்டோம் என்று இவ்வளவு நேரமாக நம்பியிருந்த மனிதர், அந்த மூன்று வருடம்தான் தம் தோட்டத்தின் நல்ல வருடம் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மூக்கக்காவின் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"தம்பி, மூக்கால பாத்தப்ப நான் அறுப்பேனே, அது இதுல எது?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வேகம் இல்லை. பழைய பதிவேட்டு நாள்கள் எல்லாம் எந்த வாரத்தில் விழும் என்று எனக்குத் தெரியும். அவர் அடுக்கிய வரிசையில் விரலை வைத்தேன்.

"ஆறாவது" என்றார்.

"ஆமாக்கா."

"எட்டுல ஆறாவது. இருபத்திரண்டு வருஷமா."

"அப்போ யாரும் சத்தைக் கேக்கலக்கா. மணத்தைத்தான் கேட்டாங்க. மணத்துக்கு அந்த நாள் ரொம்பச் சரி. எண்ணெய் உச்சத்துல இருக்கற வாரம் அதுதான். கருவியே சொல்லுது."

நான் சொன்னது உண்மை. ஆனால் அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பொட்டலத்தை எடுத்து உள்ளங்கையில் கொட்டி, தேய்த்து, பழைய ஞாபகத்தில் மூக்கருகே கொண்டுபோய், பாதியில் நிறுத்தினார்.

"எங்க அம்மா படுத்திருந்தப்ப தெனமும் இதைத்தான் போட்டுக் குடுத்தேன்" என்றார். "எல்லாத்தையும் விட மணமான தழையாப் பொறுக்கி எடுத்து. நல்லதும்மா, குடிம்மான்னு." உள்ளங்கையில் இருந்ததைத் திரும்பப் பொட்டலத்தில் கவிழ்த்தார். "மணத்தைத்தான் குடுத்திருக்கேன்."

கணவர் கதவை விட்டு வந்து அவருக்குப் பின்னால் நின்றார். தோளைத் தொடவில்லை; நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளிதான் முதலில் தேறினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, நடந்தது நடந்துபோச்சு. நல்லதாத்தான் நடந்திருக்கு. படத்தை எடுத்துப் போட்டுடலாம். மூக்குன்னே இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"அந்தக் கூடத்துல ஆறு பேருக்குத் தெரியும் சார். அதுல ஒருத்தி ரேடியோ" என்றேன்.

"நாக்கை நீட்டிக்கிட்டா படம் எடுக்க முடியும்?"

"படமே வேணாம்." மூக்கக்கா எழுந்தார். "நாள் நான் குறிக்கணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க."

முதலாளி வெகுநேரம் பென்சிலை உருட்டினார். "குறிங்க. தம்பியும் கூடவே அளந்துக்கிட்டு வரட்டும். ஆனா அறுப்பு ஆளுங்ககிட்ட இதை நான் சொல்ல மாட்டேன். அவங்க உங்க மூக்கை நம்பி வர்றவங்க. கேக்கறதும் கேக்காததும் அவங்க இஷ்டம்."

அன்று அறுப்புக்காரர்கள் தங்கள் சாமான்களோடு வந்து இறங்கியிருந்தார்கள். காயப்போடும் கூடத்துக்கு முன்னால் நாற்பது பேரும் உட்கார்ந்தும் சாய்ந்தும் இருந்தார்கள். ரேடியோவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பாதி விஷயம் ஏற்கெனவே ஒலிபரப்பாகிவிட்டது. மூக்கக்கா அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"எனக்கு வாசனை தெரியாது" என்றார். "மூணு வருஷமாத் தெரியாது. உங்ககிட்ட மறைச்சுட்டேன், அது தப்பு. கடைசி ஆறு அறுப்பும் மென்னு பாத்துத்தான் சொன்னேன். நாள் சரியாத்தான் இருந்துச்சாம், லேப் தம்பி அளந்து பாத்திருக்கு. இன்னிக்குக் காலையிலயும் மென்னு பாத்தேன். வெள்ளிக்கிழமை அறுக்கலாம். வர்றவங்க வாங்க."

ஒருவர் வாயைத் திறந்தபடியே இருந்தார். இன்னொரு பெண் தன் மூக்கைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து யாரோ, "அப்போ அந்த மோந்து பாக்கறதெல்லாம் நடிப்பா?" என்றார்கள்.

"நடிப்புத்தான்" என்றார் மூக்கக்கா.

அறுப்புக்காரர்களுக்கு மேஸ்திரி ஒருவர் உண்டு, நெட்டையான மனிதர். அவர் எழுந்து பாத்தி ஓரம் போனார். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வெகு பொறுமையாக மென்றார். எல்லோரும் அவர் தாடையையே பார்த்தோம். துப்பினார்.

"எனக்கு இலைதான் தெரியுது" என்றார். "வேற ஒண்ணும் தெரியல."

திரும்பி வந்து அரிவாள் கட்டிய சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மூக்கக்காவின் கண்கள் அந்தச் சாக்கின் மேலேயே இருந்தன.

"வெள்ளிக்கிழமைன்னா விடியக்காலையிலயா, இல்ல பனி காஞ்சப்புறமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

மூக்கக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு மடக்கு குடித்துவிட்டு, "பனி காஞ்சப்புறம்" என்றார்.